கோளரங்கமும் இரவு வானமும்: வரிசையில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கோளரங்கக் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களுக்குத் தொலைநோக்கியில் நிலாவைக் காட்டும் வேலையைச் சில வருடங்களாகத் தன்னார்வமாகச் செய்கிறேன். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பவர் ஏதாவது கேட்பார். நாலைந்து மாதத்திலேயே தெரிந்துவிட்டது, முகங்கள்தான் மாறுகின்றன, கேள்விகள் அப்படியே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, அவசரத்தில் சொல்ல முடியாத பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

கோளரங்கம்னா டெலஸ்கோப் வழியா வானத்தைப் பார்க்கிற இடம்தானே?

இல்லை, அது வானாய்வகம். கோளரங்கத்துக்குள் நிஜ வானம் தெரியாது. கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையின் உட்புறத்தில் படவீழ்த்தி (புரொஜெக்டர்) கொண்டு வானத்தைக் காட்டுகிறார்கள். அதனால் நண்பகலிலும் காட்சி உண்டு, அடை மழையிலும் உண்டு. "இன்னிக்கு மேகமா இருக்கே, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டு டிக்கெட்டை மாற்றப் பார்க்க வேண்டாம்.

இந்த வித்தை ஆரம்பித்து நூறு வருடம் ஆகிறது. ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் வால்தர் பாயர்ஸ்ஃபெல்டின் குழு உருவாக்கிய படவீழ்த்தியை 1923 அக்டோபரில் மியூனிக் நகரின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் முதன்முதலாகக் காட்டினார்கள். அதற்கும் முன்னால் நெதர்லாந்தில் ஃப்ரானெக்கர் என்ற ஊரில், கம்பளி சீவும் தொழில் செய்த ஐசே ஐசிங்கா என்பவர் தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே பல்சக்கரங்களை வைத்துச் சூரியக் குடும்பத்தைக் கட்டினார். 1774இல் தொடங்கி 1781இல் முடித்தார். அது இன்றும் ஓடுகிறது. அதில் சனி ஒரு சுற்று வர நிஜச் சனியைப் போலவே 29 வருடத்துக்கு மேல் ஆகும். எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் இதுதான்.

எத்தனை வயசுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்? நாலு வயசு ஆகுது.

முக்கால் மணி நேரக் காட்சி என்றால் ஐந்தாறு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். மூன்று, நான்கு வயதுக்கு என்றே சிறிய காட்சி இருந்தால் அதற்குப் போகலாம். புரியுமா புரியாதா என்பது பிரச்சினையே இல்லை. குழந்தைக்குச் சனியின் வளையம் பிடித்துவிடும், அது போதும். பிரச்சினை இருட்டுதான். சினிமாக் கொட்டகையில் திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். கோளரங்கத்தில் சில நிமிடங்களுக்கு அம்மாவின் முகம்கூடத் தெரியாது.

என் அண்ணன் மகளை மூன்று வயதில் அழைத்துப் போய் இதைக் கற்றுக்கொண்டேன். நட்சத்திரம் வருவதற்கு முன்பே எங்கள் காட்சி முடிந்துவிட்டது. இப்போது எல்லோரிடமும் சொல்வது: போவதற்கு முன் இரண்டு மூன்று நாள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கதை சொல்லுங்கள். "அங்கேயும் இப்படித்தான் இருட்டும், அப்புறம் நட்சத்திரம் வரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பயந்து அழுதா நடுவில வெளியே வர விடுவாங்களா?

விடுவார்கள். நடைபாதையை ஒட்டி உட்காருங்கள், கதவு எந்தப் பக்கம் என்று விளக்கு எரியும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கைபேசி டார்ச்சை அடிக்காதீர்கள், பணியாளரைக் கூப்பிட்டால் சிறிய விளக்கோடு வருவார். உங்கள் டார்ச் அரங்கில் எல்லோருடைய கண்ணையும் கெடுத்துவிடும். ஏன் என்பதைக் கண் பழகுவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன். தாமதமாக வருகிறவர்களைப் பல இடங்களில் உள்ளே விடாததற்கும் அதே காரணம்தான்.

எந்த சீட் நல்லது? சினிமா மாதிரி கடைசி வரிசையா?

கூரை முன்பக்கம் சாய்ந்து, இருக்கைகள் படிப்படியாக ஏறும் அரங்கு என்றால் ஆமாம், நடுவிலிருந்து பின்வரிசை வரை. தரை சமமாக, இருக்கைகள் வட்டமாக இருக்கும் பழைய அரங்கு என்றால் பேச்சாளர் முதலில் எந்தத் திசையைக் காட்டுவார் என்று கேட்டுவிட்டு, அதற்கு எதிர்ப்புறம் உட்காருங்கள். கழுத்து வலி மிச்சம். முதல் வரிசை எந்த அரங்கிலும் வேண்டாம்.

பாதியில எனக்குத் தலை சுத்துச்சு. எனக்கு மட்டும்தான் இப்படியா?

நிறையப் பேருக்கு வரும். கூரை முழுக்கப் படம் நகரும்போது கண் "நாம் பறக்கிறோம்" என்கிறது, உள்காது "இல்லை, உட்கார்ந்துதான் இருக்கிறோம்" என்கிறது. இந்தச் சண்டைதான் தலைசுற்றல். ஐந்து விநாடி கண்ணை மூடினால் அடங்கிவிடும். பஸ்ஸில் வாந்தி வருகிற பிள்ளைக்குக் கிரகங்களுக்கு இடையே பாய்ந்து பறக்கும் காட்சியைவிட நட்சத்திரங்களை மட்டும் மெதுவாகச் சுற்றிக்காட்டும் காட்சி நல்லது. பளீர் வெளிச்சத்தில் வலிப்பு வருகிறவர்கள் உள்ளே போவதற்கு முன் காட்சியில் மின்னல் வெட்டுகள் உண்டா என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆள் நின்னு பேசுற ஷோ, ரெக்கார்ட் பண்ணின ஷோ ரெண்டும் இருக்கு. எதுக்குப் போகலாம்?

பிள்ளைகளோடு போனால் ஆள் பேசுவதற்கே போங்கள். பதிவு செய்த படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது எந்த நாளிலும் அதே படம்தான். நேரில் பேசுபவர் இன்று இரவு எட்டு மணிக்கு வெளியே எது எங்கே தெரியும் என்று காட்டுவார், கேள்வி கேட்டால் பதிலும் சொல்வார். கோளரங்கத்தை நான் ஒத்திகை என்றுதான் நினைக்கிறேன். ஒத்திகை பார்த்த அன்றே மேடை ஏற வேண்டும், அதாவது அன்று இரவே வெளியே போய் உள்ளே பார்த்ததில் ஒன்றையாவது தேட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் மறந்துவிடும்.

உள்ளே ஆயிரக்கணக்கில காட்டுறாங்க. வெளியே வந்தா பத்துகூட இல்லையே, சும்மா சேர்த்துக் காட்டுறாங்களா?

சேர்க்கவில்லை. உங்கள் தெருவிளக்கைத்தான் கழித்திருக்கிறார்கள். நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடிய நட்சத்திரங்கள் வானம் முழுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 6,000. அதில் பாதி எப்போதும் நம் காலுக்குக் கீழே, பூமியின் மறுபக்கம் இருக்கும். அடிவானத்தை ஒட்டியவை காற்றின் தூசியில் மங்கிவிடும். ஆக, ஒரே நேரத்தில் தெரிவது இரண்டாயிரத்துச் சொச்சம்தான். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் என்று நாம் பேச்சுக்குச் சொல்வதெல்லாம் சும்மா.

நகரத்தில் மேல்நோக்கி வீணாகும் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி வானத்தையே வெளுக்க வைக்கிறது. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு அவர்கள் இருக்கும் இடத்திலிருந்து பால்வழி தெரிவதே இல்லை என்று 2016இல் வந்த உலக ஒளிமாசு வரைபடம் காட்டியது. சில அரங்குகளில் முதலில் நகர வானத்தைக் காட்டி, பிறகு நகர விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பார்கள். அரங்கில் 'ஹா' என்று சத்தம் வரும் இடம் அதுதான்.

நான் பத்து நிமிஷம் மாடியில நின்னு பார்த்தேன், ஒண்ணும் தெரியலையே?

பத்து நிமிடம் போதாது. இருட்டுக்குப் போனதும் கண்மணி உடனே விரிந்துவிடும், ஆனால் விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தை உணரும் குச்சிச் செல்கள் முழுதாகத் தயாராக இருபது முப்பது நிமிடம் ஆகும். அவற்றில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சத்தில் சிதைந்து இருட்டில் மெல்லச் சேர்கிறது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் கைபேசியை எடுத்து மணி பார்த்தீர்கள் என்றால், மறுபடியும் முதலிலிருந்து. குச்சிச் செல்களைச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகப் பாதிக்காது. அதனால்தான் வானம் பார்ப்பவர்கள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்கிறார்கள். வான வரைபடச் செயலிகளில் இரவு முறை என்று திரை சிவப்பாக மாறுவதும் இதற்காகவே.

இன்னொரு தந்திரம். மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காதீர்கள், சற்றுப் பக்கத்தில் பாருங்கள். விழித்திரையின் நட்டநடுவில் குச்சிச் செல்கள் கிடையாது. கண்ணைக் கொஞ்சம் விலக்கினால் அதுவரை இல்லாத நட்சத்திரம் வந்து நிற்கும். பிள்ளைகள் இதை மந்திரம் என்றே நினைக்கிறார்கள்.

சரி, முதல் நாள் எதைத் தேடணும்?

மூன்று போதும்: நிலா, ஒரு கிரகம், ஒரு விண்மீன் கூட்டம். முதல் நாளே எண்பத்தெட்டு விண்மீன் கூட்டங்களையும் பிடிக்கப் போனால் இரண்டாம் நாள் யாரும் மாடிக்கு வரமாட்டார்கள்.

அளக்கக் கையே போதும். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரலின் அகலம் சுமார் ஒரு டிகிரி, மூடிய முஷ்டி சுமார் பத்து டிகிரி. குழந்தையின் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு என்பதால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். நிலா எவ்வளவு பெரிது என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு சுண்டுவிரலால் மறைக்கச் சொல்லுங்கள். விரலில் பாதியே போதும், ஏனென்றால் நிலா வானத்தில் அரை டிகிரிதான். அடிவானத்தில் பெரிதாக எழும் நிலாவையும் இதே விரலால் அளந்து பாருங்கள். பெரிதாகத் தெரிவது மூளை செய்கிற வேலை.

வட நட்சத்திரம்தானே வானத்திலேயே ரொம்ப பிரகாசமானது?

இல்லை. பிரகாச வரிசையில் அது ஐம்பதாவது இடத்தை ஒட்டித்தான் வருகிறது. முதலிடம் சிரியஸ் என்ற நட்சத்திரத்துக்கு. வட நட்சத்திரத்தின் பெருமை வேறு: பூமியின் அச்சு கிட்டத்தட்ட அதை நோக்கி இருப்பதால் மற்றவை எல்லாம் சுற்ற, அது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் முன்னால் இருக்கும் இரண்டு நட்சத்திரங்களை இணைத்து, அந்த இடைவெளியைப் போல ஐந்து மடங்கு நீட்டினால் அங்கே போய்ச் சேரும்.

அடிவானத்திலிருந்து அது எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. முஷ்டியால் அளந்து பிள்ளைகளைப் புவியியல் புத்தகத்தோடு ஒப்பிடச் சொல்லலாம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தரையோடு ஒட்டிக்கொண்டு, பெரும்பாலும் மரத்துக்குப் பின்னால் இருக்கும். தெற்கே போய்விட்டால் தெரியவே தெரியாது.

கிரகமா, நட்சத்திரமா, விமானமா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண் சிமிட்டினால் நட்சத்திரம், நிலையாக ஒளிர்ந்தால் கிரகம். நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் வெறும் புள்ளி, அதனால் காற்றின் அசைவு அதைச் சிமிட்ட வைக்கிறது. கிரகம் சிறு தட்டு, அதன் ஒளி சராசரியாகிவிடுகிறது. அடிவானத்தை ஒட்டி இருந்தால் கிரகமும் கொஞ்சம் சிமிட்டும், அங்கே இந்த விதியை நம்பாதீர்கள். கிரகங்கள் எல்லாம் சூரியனும் நிலாவும் போகும் பாதையை ஒட்டியே இருக்கும் என்பது இன்னொரு துப்பு. வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது. அதனால் நடுநிசியில் உச்சியில் பளிச்சென்று நிற்பது ஒருபோதும் வெள்ளி இல்லை, வியாழனாக இருக்கலாம்.

விட்டு விட்டு மின்னிக்கொண்டே போவது விமானம். மின்னாமல், சத்தமில்லாமல் சில நிமிடங்களில் வானத்தைக் கடப்பது செயற்கைக்கோள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் இவற்றில் மிகப் பளிச்சென்று தெரியும். அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் கையாட்டாத குழந்தையை நான் பார்த்ததில்லை.

போன மாசம் எட்டு மணிக்கு அந்த நட்சத்திரம் உச்சியில இருந்துச்சு, இப்போ சாய்ஞ்சு போச்சே?

நட்சத்திரங்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற உண்மையில் 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. மிச்ச நான்கு நிமிடம், சூரியனைச் சுற்றி நகர்ந்துவிட்டதால் சூரியனை மறுபடி எதிர்கொள்ளக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்புவதற்கு. நான்கு நிமிடம் மாதத்தில் இரண்டு மணி நேரம், வருடத்தில் ஒரு முழு நாள். அதனால் அடுத்த வருடம் இதே தேதியில் அதே நட்சத்திரம் அதே இடத்துக்கு வந்துவிடும். நிலா இதற்கு நேர்மாறு, தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதம்.

ரோகிணி, மகம்னு சொல்றோமே, அந்த 27 நட்சத்திரமும் நிஜமாவே வானத்துல இருக்கா?

இருக்கின்றன, பல வெறுங்கண்ணாலேயே தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். நட்சத்திரங்களின் பின்னணியில் நிலா ஒரு சுற்று வர 27.3 நாள் ஆகிறது. தினமும் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தங்குகிறது என்று குறித்தால் 27 தங்குமிடங்கள் வரும். ஒவ்வொன்றும் 13 டிகிரி சொச்சம், முஷ்டியளவும் இன்னும் கொஞ்சமும். நிலாவின் ஒருநாள் நடையும் அதுதான்.

கார்த்திகை சின்னஞ்சிறு கொத்து, பலருக்கும் ஆறு தெரியும். பக்கத்தில் செம்மையாக ரோகிணி. அடுத்து வேட்டைக்காரன் (ஓரியன்) என்ற விண்மீன் கூட்டத்தின் தலையில் மிருகசீரிடம், அவன் தோளில் திருவாதிரை. சிங்கத்தில் மகம், கன்னியில் சித்திரை, தேளின் நெஞ்சில் சிவந்த கேட்டை. மகம், சித்திரை, கேட்டை ஆகியவற்றை நிலா சில சமயம் முழுதாக மறைத்துவிட்டே போகும். ஆனால் சுவாதி நிலாவின் பாதையை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது, நிலா அதைத் தொடவே முடியாது. பிரகாசமாக இருப்பதால் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

கண்ணுக்குச் சோதனை வேண்டுமென்றால் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவிலிருக்கும் வசிஷ்டரைப் பாருங்கள். ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி தெரிந்தால் பார்வை நன்றாக இருக்கிறது.

ராசி 12தானே? கோளரங்கத்துல 13ன்னு சொல்லிட்டாங்க!

இரண்டும் வேறு வேறு கணக்கு. ராசி என்பது சூரியன் போகும் பாதையைச் சமமாக 12 துண்டு போட்டது, ஒவ்வொன்றும் 30 டிகிரி. விண்மீன் கூட்டங்களுக்கு அப்படிச் சம அளவு கிடையாது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 1930இல் வகுத்த எல்லைகளின்படி சூரியன் கன்னிக்குள் ஒன்றரை மாதம் இருக்கிறது, விருச்சிகத்துக்குள் ஒரு வாரம்தான். விருச்சிகத்தை விட்டதும், பாம்பைப் பிடித்தபடி நிற்கும் ஒஃபியூக்கஸ் என்ற கூட்டத்துக்குள் சுமார் 18 நாள் போகிறது. பதின்மூன்றாவது அதுதான். வாசலில் இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். யாருடைய ராசியையும் நாங்கள் மாற்றவில்லை.

ஷோவில ரோஸ் கலர், பச்சைக் கலர் மேகம் காட்டினாங்க. உங்க டெலஸ்கோப்ல சாம்பலா இருக்கே?

கேமரா நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும். கண் அப்படிச் சேர்க்காது. அதோடு மேலே சொன்ன குச்சிச் செல்களுக்கு நிறம் தெரியாது, மங்கலில் எல்லாம் சாம்பல்தான். சில படங்களில் எந்த வாயு எங்கே என்று பிரித்துக்காட்ட அறிவியலாளர்களே நிறம் ஒதுக்குகிறார்கள். ஆனால் நட்சத்திரங்களின் நிறம் நிஜம்: திருவாதிரை செம்மஞ்சள், அதே வேட்டைக்காரனின் காலில் இருக்கும் ரைஜல் நீலவெள்ளை. சிவப்புதான் குளிர்ந்தது, நீலம்தான் சூடு. வெந்நீர், தண்ணீர்க் குழாய்களில் போடுகிற நிறத்துக்கு நேர் எதிர் என்று பிள்ளைகள் சரியாகவே சண்டை போடுவார்கள்.

நாம பார்க்கிற நட்சத்திரமெல்லாம் எப்பவோ செத்துப்போனதாமே?

கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை (ஒளியாண்டு என்பது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம்). சிரியஸ் 8.6 ஒளியாண்டு, அதாவது இப்போது எட்டு ஒன்பது வயதாகும் பிள்ளை பிறந்த சமயத்தில் கிளம்பிய ஒளி. நட்சத்திரங்களின் ஆயுளோ பல லட்சம், பல கோடி ஆண்டுகள். அதனால் கிட்டத்தட்ட எல்லாமே உயிரோடுதான் இருக்கின்றன.

திருவாதிரை மட்டும் வயதான நட்சத்திரம், ஒருநாள் வெடிக்கும். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது கண்ணுக்கே தெரியுமளவு மங்கியபோது "இப்போதே வெடிக்குமா?" என்று பரபரப்பு. அது உமிழ்ந்த தூசி மறைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருடம்கூட ஆகலாம்.

பிறந்தநாளுக்கு டெலஸ்கோப் வாங்கித் தரலாமா?

முதலில் இருகண்நோக்கி (பைனாகுலர்). 7×50 அல்லது 10×50 என்று எழுதியிருப்பது: முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். ஆடாமல் பிடித்தால் இதிலேயே வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும், கலிலியோ 1610இல் கண்டவை அவைதான். "500 மடங்கு" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மலிவான தொலைநோக்கி வேண்டாம். அதன் கால் ஆடும் ஆட்டத்தில் நிலாவே நிற்காது.

நிலாவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள். நிழலே விழாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை அஷ்டமியை ஒட்டி, ஒளியும் இருளும் சேரும் கோட்டில் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். எதனாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. முன்பக்கம் அதற்கென்றே செய்த வடிகட்டி பொருத்தாமல் ஒரு நொடி பார்த்தாலும் பார்வை போகும். பகலில் கருவியைப் பிள்ளையிடம் தனியாக விடாதீர்கள்.

காசு கட்டினா நட்சத்திரத்துக்குப் பாப்பா பேர் வைக்கலாமாமே?

சான்றிதழ் வரும். பெயர் அந்தக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். நட்சத்திரங்களின் அதிகாரபூர்வப் பெயர்களை மேலே சொன்ன பன்னாட்டு வானியல் ஒன்றியம்தான் ஏற்கிறது, அது எதையும் விற்பதில்லை.

எரிநட்சத்திர மழைன்னு போனோம், ஷோவில காட்டின மாதிரி கொட்டவே இல்லையே?

அரங்கில் ஒரு இரவை ஒரு நிமிடமாகச் சுருக்கிக் காட்டுகிறார்கள். ஆகஸ்ட் 12, 13ஐ ஒட்டி வரும் பெர்சீடு, டிசம்பர் 13, 14ஐ ஒட்டி வரும் ஜெமினிடு இரண்டும் நம்பகமானவை. நல்ல இருட்டில் ஜெமினிடு உச்சத்தில் நிமிடத்துக்கு ஒன்று இரண்டு விழலாம். ஓரளவு வெளிச்சமான இடத்தில் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று. பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், கருவி எதுவும் வேண்டாம். கீற்றாக எரிந்து போவது பெரும்பாலும் மணல் பருக்கையளவு துகள்தான்.

அவ்வளவு நட்சத்திரம் இருந்தா ராத்திரி ஏன் இருட்டா இருக்கு?

இது எட்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டது. பின்னால் நின்ற பெரியவர்கள் சிரித்தார்கள். சிரிக்கக் கூடாத கேள்வி. அண்டம் எல்லையில்லாமல், எப்போதும் இப்படியே இருந்துவந்தது என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை ஏதாவது ஒரு நட்சத்திரத்தில் போய் முட்டும். அடர்ந்த காட்டுக்குள் எங்கே பார்த்தாலும் ஒரு மரம் தெரிவது போல. அப்படியானால் இரவு வானம் முழுக்கச் சூரியனைப் போலத் தகதகக்க வேண்டும். ஜெர்மானிய வானியலாளர் ஓல்பர்ஸ் 1823இல் இதைப் பற்றி எழுதினார், அதனால் இது ஓல்பர்ஸ் புதிர் என்றே அறியப்படுகிறது.

இருட்டுக்கு முக்கியக் காரணம் அண்டத்துக்கு வயது இருப்பது, சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதைவிட அதிகப் பயண நேரம் வேண்டிய ஒளி இன்னும் நம்மை வந்து சேரவில்லை. அதோடு அண்டம் விரிவதால் பழைய ஒளி நீண்டு நீண்டு கண்ணுக்குத் தெரியாத அலையாகிவிட்டது. ஆதியில் நிரம்பியிருந்த அந்த ஒளியின் மிச்சம் இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் நுண்ணலையாக வருகிறது. 1960களில் ரேடியோ ஆன்டெனாவில் எவ்வளவு துடைத்தும் போகாத இரைச்சலாக அதை வானியலாளர்கள் பென்சியாஸும் வில்சனும் கண்டுபிடித்தார்கள். பழைய ஆன்டெனா டிவியில் நிலையம் இல்லாத எண்ணில் வெள்ளைப் புள்ளிகள் கொதிக்குமே, அதில் ஒரு சிறு பங்கு அந்த ஒளிதான். பையனுக்கு இது புரிந்தது, ஆனால் அவனுக்கு அந்த டிவியைத் தெரியவில்லை. அதை அவன் அப்பாதான் விளக்க வேண்டியிருந்தது.